கொடைக்கானல் ஏரித் தண்ணீரைத் தேற்ற எங்கே தொடங்குவது?

ஏரிச்சாலை:

எல்லோருக்கும் வணக்கம். ஏரியைச் சுற்றிக் குடியிருக்கிறவர்களும் சின்ன லாட்ஜ் நடத்துகிறவர்களுமாகச் சேர்ந்து நகராட்சிக்கு ஒரு மனு தயாரிக்கிறோம். "ஏரியைச் சுத்தம் செய்யுங்கள்" என்று மொட்டையாக எழுதினால் களையை நாலு நாள் அள்ளுவதோடு வேலை முடிந்துவிடும். என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுக்க விரும்புகிறோம்.

ஏரியைப் பற்றி: 1863-இல் அப்போதைய மதுரை கலெக்டர் லெவிஞ்ச் கட்டியது. பரப்பு சுமார் 60 ஏக்கர், சுற்றுச்சாலை 5 கிலோமீட்டர். சராசரி ஆழம் 3 மீட்டர், ஆழமான இடம் 11 மீட்டர் என்கிறார்கள். கலிங்கு (உபரிநீர் வழியும் மதகு) வழியாக வழிகிற தண்ணீர்தான் மலைப்பாதையில் வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது. ஏப்ரல், மே சீசனில் படகுத்துறைப் பக்கம் பச்சைப் படலம், விடிகாலையில் நாற்றம். ஓடைகள் வந்து சேரும் மூலைகளில் களை மண்டிக் கிடக்கிறது.

ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். நீரூற்று ஏரேட்டர் போடலாம், பாக்டீரியா பொடி தூவலாம், செடி நட்ட மிதவைகள் விடலாம், படிகாரம் போடலாம், மொத்தமாகத் தூர்வாரலாம். கையில் இருக்கிற காசு குறைவு. எதை முதலில் கேட்பது?

---

நீர்க்கணக்கு:

ஏரிச்சாலை சார், அந்த ஐந்தில் ஒன்றுகூட முதல் வேலை இல்லை. ஐந்துமே ஏரிக்குள் செய்கிறவை. சிக்கல் கரைக்கு மேலே இருக்கிறது.

பச்சையாகத் தெரிவது பாசி. அதற்கு உரம் கழிவுநீரில் வரும் பாஸ்பரஸ். ஒரு கிலோ பாஸ்பரஸ் தண்ணீரில் சேர்ந்தால் ஈர எடையில் 500 கிலோ வரை பாசி விளையும். ஆகவே ஏரியைத் தேற்றுவது என்றால் ஆண்டுக்கு எத்தனை கிலோ பாஸ்பரஸ் உள்ளே வருகிறது, எத்தனை கிலோவை ஏரி தாங்கும் என்று கணக்குப் போடுவதுதான். கணக்கைப் போட்டுப் பார்த்தால் மற்றதெல்லாம் தானாக வரிசைப்படும்.

60 ஏக்கர் என்பது 24 ஹெக்டேர். 3 மீட்டர் சராசரி ஆழத்துக்குக் கொள்ளளவு சுமார் 7.2 லட்சம் கன மீட்டர். ஆண்டுக்கு 18 லட்சம் கன மீட்டர் தண்ணீர் வந்து போவதாக வைத்துக்கொள்வோம் (இது உதாரண எண்தான், கலிங்கில் அளந்து திருத்த வேண்டும்). அப்படியானால் தண்ணீர் ஏரியில் தங்கும் காலம் 0.4 ஆண்டு. இனி வோலன்வைடர் சூத்திரம்: ஏரியின் பாஸ்பரஸ் அளவு = ஆண்டு வரத்து ÷ (ஆண்டு நீர்வரத்து × (1 + தங்கும் காலத்தின் வர்க்கமூலம்)). படகு விடுகிற ஏரி ஓரளவு தெளிவாக இருக்க லிட்டருக்கு 30 மைக்ரோகிராமுக்குள் நிற்க வேண்டும். அதைப் போட்டுத் திருப்பிக் கணக்கிட்டால், ஏரி தாங்குவது ஆண்டுக்கு சுமார் 88 கிலோ.

ஒரு ஆளின் கழிவுநீரில் நாளைக்கு 1.5 கிராம் பாஸ்பரஸ் போகிறது, ஆண்டுக்கு 550 கிராம். 160 பேரின் கழிவுநீர் ஆண்டு முழுக்க வந்தால் 88 கிலோவும் தீர்ந்தது. இன்னொரு விதமாகப் பாருங்கள்: 20 அறை லாட்ஜ், சராசரியாக நாளைக்கு 24 பேர் தங்குகிறார்கள் என்றால் ஆண்டுக்கு 13 கிலோ. அப்படி ஏழே ஏழு லாட்ஜ்களின் கழிவு ஓடையில் கலந்தால் போதும். இத்தனைக்கும் மழையோடு வரும் மண்ணும் இலைச்சருகும் அந்த 88-இல் ஒரு பங்கை ஏற்கெனவே எடுத்துக்கொள்ளும்.

இதனால்தான் கழிவுநீரை நிறுத்தாமல் ஏரிக்குள் செய்கிற எந்த வேலையும் ஒரு சீசனைத் தாண்டுவதில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வரத்து நின்றதும் மறு ஆண்டே தெளிந்துவிடும் என்று மனுவில் எழுதாதீர்கள். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தின் வாஷிங்டன் ஏரியில் 1963 முதல் 1968 வரை படிப்படியாகக் கழிவுநீரைத் திருப்பிவிட்டார்கள், சில ஆண்டுகளிலேயே தண்ணீர் தெளிந்தது. அந்த ஏரியின் சராசரி ஆழம் 30 மீட்டருக்கு மேல். ஸ்வீடனில் ட்ரம்மன் ஏரிக்கு 1950-களின் கடைசியில் கழிவுநீர் நின்றும் பத்தாண்டு கழித்துக்கூட நிலைமை மாறவில்லை. அது இரண்டு மீட்டர்கூட இல்லாத ஆழமற்ற ஏரி, அடிச்சேற்றில் சேர்ந்திருந்த பாஸ்பரஸ் மேலே வந்துகொண்டே இருந்தது. 1970, 71-இல் ஒரு மீட்டர் சேற்றை உறிஞ்சி எடுத்த பிறகுதான் தேறியது. 3 மீட்டர் சராசரி ஆழமுள்ள உங்கள் ஏரி ட்ரம்மனுக்குத்தான் கிட்டே. வரத்தை நிறுத்துவது முதல் கட்டம், அடிச்சேறு இரண்டாம் கட்டம். வரிசையை மாற்றினால் இரண்டு செலவும் வீண்.

---

சோதனைக்குழாய்:

மேலே சொன்னது சரி. ஆனால் எந்த ஓடையில் எவ்வளவு வருகிறது என்று காட்டாமல் யாரும் எந்தக் குழாயையும் அடைக்க மாட்டார்கள். அளப்பதைப் பற்றி எழுதுகிறேன். தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் நடக்கின்றன.

கழிவு எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிக்க ஆய்வகம்கூட வேண்டாம். மின்கடத்துதிறன் காட்டும் கையடக்க மீட்டர் ஒன்று போதும். மழையில்லாத நாளில், காலை 7 முதல் 9 மணிக்குள் (எல்லா விடுதியிலும் குளியலறை ஓடும் நேரம்), ஓடை ஏரியில் சேரும் இடத்திலிருந்து மேல்நோக்கி நடந்துகொண்டே 20 மீட்டருக்கு ஒரு தடவை அளந்து குறியுங்கள். அந்த மலையில் சுத்தமான ஓடைத் தண்ணீர் பொதுவாக 100 மைக்ரோசீமென்ஸைச் சுற்றி இருக்கும். கழிவுநீர் 500-க்கு மேல். எந்த 20 மீட்டரில் எண் குதிக்கிறதோ அந்த இடத்தில் குழாய் இருக்கிறது, கல்லுக்கு அடியில் மறைந்திருந்தாலும்.

இரவில் மட்டும் திறந்துவிடுகிற குழாய்களுக்கு வேறு வழி. வெளுக்காத பருத்தித் துணியைக் கையகல அளவில் வெட்டிக் கம்பிவலைக்குள் வைத்து ஓடையில் ஐந்து நாள் கட்டிவிடுங்கள். சலவைப் பவுடரில் வெண்மைக்காகச் சேர்க்கும் சாயம் பருத்தியில் ஒட்டிக்கொள்ளும். எடுத்து நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, இருட்டில் புற ஊதா டார்ச் அடித்தால் நீலமாக ஒளிரும். கடையில் விற்கும் வெள்ளைத் துணி உதவாது, அதிலேயே அந்தச் சாயம் இருக்கும். ஓடையில் வைக்காத துணி ஒன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஏரிக்குள் மாதம் ஒரு தடவை, தண்ணீரின் தெளிவை அளக்கச் செக்கித் தட்டு. 20 சென்டிமீட்டர் வட்டத் தகடு, நாலு கால்வட்டமாகக் கறுப்பு வெள்ளை மாற்றி அடித்து, நடுவில் எடை கட்டி, 10 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் இறக்குவது. படகின் நிழல் விழும் பக்கத்தில், காலை 10-க்கும் பகல் 2-க்கும் இடையில் பாருங்கள். மறையும் ஆழத்தையும், மேலே இழுக்கும்போது மறுபடி தெரியும் ஆழத்தையும் கூட்டிப் பாதியாக்குங்கள். ஒரு மீட்டருக்குக் கீழே போனால் பாசி மிகுதி. 2 மீட்டரைத் தொட்டால் ஏரி நல்ல பாதையில் இருக்கிறது என்று பொருள்.

கரைந்த ஆக்சிஜனில்தான் கொடைக்கானலுக்கே உரிய கோளாறு ஒன்று உண்டு. கடல்மட்டத்தில் 20 டிகிரி தண்ணீர் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். 2,000 மீட்டருக்கு மேல் காற்றழுத்தம் குறைவு என்பதால் அங்கே 7.1 தான் முழு அளவு. ஆக்சிஜன் மீட்டரில் உயரத்தைப் பதியாமல் கடல்மட்டக் கணக்கில் அளவு திருத்தினால் எல்லா எண்ணும் கால் பங்குக்கு மேல் கூடிவிடும். உண்மையில் 4 இருக்கிற இடத்தில் 5.1 காட்டும். குளிக்கும் நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கேட்பது குறைந்தது 5. தேறாத தண்ணீர் தேறியதாக ரிப்போர்ட் வந்துவிடும். மீட்டர் மேல் நம்பிக்கை இல்லையென்றால் விங்க்ளர் முறை: 200 மில்லி மாதிரிக்கு 0.025 நார்மல் தயோசல்பேட்டில் ஒரு மில்லி செலவானால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். இதற்கு உயரம் ஒரு பொருட்டல்ல.

நேரமும் முக்கியம். பகல் 3 மணிக்குப் பாசி ஆக்சிஜனை அள்ளிக் கொட்டிக்கொண்டிருக்கும், எந்த ஏரியும் நன்றாகத்தான் தெரியும். விடியும் முன் அளங்கள். 11 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் மீட்டருக்கு ஒரு அளவு எடுங்கள். அடியில் 2-க்குக் கீழே இருந்தால் சேற்றில் இரும்போடு பிணைந்திருக்கும் பாஸ்பரஸ் அவிழ்ந்து மேலே வருகிறது என்று கொள்ளலாம். காலை நாற்றத்தின் மூலமும் பெரும்பாலும் அதே அடித்தண்ணீர்தான்.

மொத்த பாஸ்பரஸ் பரிசோதனைக்குக் கொடுக்கும் முன் ஆய்வகத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: "குறைந்தபட்சம் எவ்வளவு வரை அளப்பீர்கள்?" லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்குக் கீழே அளக்க முடியாத இடமென்றால் கொடுக்காதீர்கள். உங்கள் இலக்கே 0.03 (அதாவது 30 மைக்ரோகிராம்). "கண்டறியும் அளவுக்குக் கீழ்" என்று தாளில் வரும், அதைப் பார்த்துப் பிரச்சினையே இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். 0.01 வரை அளக்கிற இடம் வேண்டும். பாட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவக் கூடாது, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவி நல்ல தண்ணீரில் பல தடவை அலசுங்கள். மாதிரியில் கந்தக அமிலம் விட்டு பி.எச்.-ஐ 2-க்குக் கீழே இறக்கிக் குளிரில் வைத்தால் 28 நாள் தாங்கும்.

மலக் கோலிஃபார்ம் (மலம் கலந்ததைக் காட்டும் பாக்டீரியா) மாதிரி அப்படித் தாங்காது. கிருமி நீக்கிய பாட்டில், ஐஸ் பெட்டி, ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகம். மதுரைக்கு அனுப்புவதென்றால் விடிகாலையில் எடுத்து நேராக வண்டி ஏற்றுங்கள். குளிப்பதற்கான வரம்பு 100 மில்லிக்கு 500 விரும்பத்தக்கது, 2,500 உச்சம். பெடல் படகில் போகிறவர்கள் குளிப்பதில்லை என்றாலும் குழந்தைகள் கையை விட்டு அளைந்துகொண்டுதான் போகிறார்கள்.

கோடை மழையின் முதல் அரை மணி நேரத்து ஓடைத் தண்ணீரைக் கட்டாயம் பிடியுங்கள். ஆண்டு பாஸ்பரஸில் பெரும்பங்கு அப்படிப்பட்ட சில மழைகளில்தான் வருகிறது. வெயில் நாள் மாதிரியை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் பாதியைத் தவறவிடுவீர்கள்.

---

ஏரிச்சாலை:

இரண்டு பேருக்கும் நன்றி. 160 பேர் கணக்கைக் கூட்டத்தில் வாசித்தபோது லாட்ஜ்காரர்களே அமைதியாகிவிட்டார்கள். அவர்கள் கேட்பது இது: "எங்களிடம் செப்டிக் டேங்க் இருக்கிறது, பிறகு ஏரிக்கு எப்படிப் போகும்?" பெரிய விடுதிகள் சுத்திகரிப்பு நிலையம் வைத்திருப்பதாகச் சொல்கிறார்கள். ஏரியைச் சுற்றி ஓடும் குதிரைகளின் சாணமும் இந்தக் கணக்கில் வருமா?

---

குழாய்ப்பாதை:

வரும் சார். ஒவ்வொண்ணா சொல்றேன்.

செப்டிக் டேங்க் கெட்டியை அடியில நிறுத்தும், அவ்வளவுதான். பாஸ்பரஸ்ல கால் பங்கு சேறோட தங்கினா பெரிசு. மிச்சம் தெளிஞ்ச தண்ணியோட வெளிய போயிடும். சமவெளியில உறிஞ்சுகுழி மண்ணு அதைப் பிடிச்சுக்கும். அங்க சரிவு. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மண்ணு ஊறிக் கிடக்கும், உறிஞ்சுகுழி உறிஞ்சாது, நிரம்பி வழியும். வழியுதேன்னு பக்கத்து மழைநீர் வடிகால்ல ஒரு நாலு இஞ்ச் பி.வி.சி. பைப்பைச் சொருகி விட்டுடுவாங்க. அந்தப் பைப்பைத்தான் நீங்க மீட்டர் வெச்சுத் தேடப் போறீங்க. எந்தக் கட்டடத்துப் பைப்புன்னு தகராறு வந்தா, நகராட்சிக்குச் சொல்லிட்டு, அந்தக் கட்டடத்துக் கழிப்பறையில கொஞ்சம் ஃப்ளோரசீன் சாயம் போட்டுத் தண்ணி ஊத்துங்க. வடிகால்ல பச்சையா வந்தா பேச்சுக்கே இடமில்லை.

ஏரிக்கு நேரே சரியுற பக்கத்துல இருக்கிற லாட்ஜுக்கு ரெண்டே வழிதான். பாதாளச் சாக்கடை இணைப்பு, இல்லேன்னா போக்கே இல்லாத மூடின தொட்டி கட்டி லாரியில எடுக்கிறது. லாரி எங்க கொட்டுதுங்கிற ரசீதை மாசாமாசம் வாங்கி வையுங்க. சோலைக்குள்ள கொட்டினா அடுத்த மழையில அதுவும் திரும்பி வந்துடும்.

பாதாளச் சாக்கடை இருந்தாலும் நிம்மதி கிடையாது. ஏரி பள்ளத்துல இருக்கு, கரையோரக் குழாயில சேர்றதை பம்ப் வெச்சு மேல ஏத்தணும். கரண்ட் போனா பம்ப் நிக்கும், கிணறு நிரம்பி மேன்ஹோல் வழியா நேரா ஏரிக்குத்தான் போகும். மனுவுல இதை எழுதுங்க: ரெண்டு பம்ப், தானா மாறிக்கிற ஜெனரேட்டர், கிணத்துல நிரம்பும் முன்னாடி அலாரம், உச்ச நேர வரத்தை ரெண்டு மணி நேரமாவது தாங்குற கொள்ளளவு. மேன்ஹோல் மூடி வழியா மழைத்தண்ணி உள்ள வந்தாலும் இதே கதைதான், அதனால கூரைத் தண்ணியைச் சாக்கடையில விடுறவங்களையும் பிரிக்கச் சொல்லணும்.

சமையலறைக்குக் கொழுப்புத் தொட்டி தனியா வேணும். கொழுப்பும் சேறும் சேர்ந்து தொட்டியில கால் பங்கு வந்ததும் எடுத்துடணும். விட்டா கொழுப்பு குளிர்ல உறைஞ்சு குழாயை அடைக்கும். மலையில அது சமவெளியை விட வேகமா நடக்கும். அடைச்ச குழாய் எங்க வழியும்னு திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

பெரிய விடுதி சுத்திகரிப்பு நிலையம் பத்தி: சாதாரண நிலையம் பி.ஓ.டி.-யை (அழுகுற கழிவு தின்கிற ஆக்சிஜன் அளவு) குறைக்கும். பாஸ்பரஸுக்குன்னு தனியா எதுவும் செய்யலேன்னா வெளிய வர்ற தண்ணியில லிட்டருக்கு 4, 5 மில்லிகிராம் இருக்கும். 5 மில்லிகிராம்னா 5,000 மைக்ரோகிராம். ஏரிக்கு இலக்கு 30. கண்ணாடி மாதிரி தெளிவா இருந்தாலும் அது ஏரிக்கு உரம்தான். அந்தத் தண்ணி தோட்டத்துக்கும் கழிப்பறைக்கும் போகணும், மிச்சம் கலிங்குக்குக் கீழ போகணும். ஏரிக்கு மேல விட அனுமதிக்கவே கூடாது.

குதிரை: ஒரு மட்டக்குதிரை நாளைக்கு 10, 15 கிலோ சாணம் போடும், அதுல குறைஞ்சது 10 கிராம் பாஸ்பரஸ். வருஷத்துக்கு 3.6 கிலோ. 50 குதிரைன்னா 180 கிலோ. நீர்க்கணக்கு சார் சொன்ன 88-ஐ ரெண்டு மடங்கு தாண்டுது. எல்லாம் ஏரிக்குப் போகாது, லாயத்துலயும் விழும். ஆனா சுற்றுச்சாலையில விழுந்து மழையில கழுவப்படுறது அப்படியே போகும். இதைத் தடுக்கிறது எல்லாத்தையும் விட மலிவு. குதிரைக்காரங்களை விரட்டச் சொல்லி எழுதாதீங்க, அவங்க பொழப்பு அது. வாலுக்குக் கீழ கட்டுற சாணப்பை கொடுங்க, குதிரை நிக்கிற இடத்தைக் கரையில இருந்து சாலைக்கு அந்தப் பக்கம் மாத்துங்க, தினம் ரெண்டு வேளை வாரி மூடின தொட்டியில போட ஆள் வையுங்க. தண்ணி ஊத்திக் கழுவ விடாதீங்க, வாரணும். அந்த மலையில காய்கறித் தோட்டத்துக்குச் சாண உரம் எப்பவும் வேணும், வாங்க ஆள் இருக்கும்.

ஓடை நுழையுற இடத்துல வண்டல் தொட்டி ஒண்ணும் கேளுங்க. ஒரு மீட்டருக்கு மேல ஆழம், ஜேசிபி இறங்க சரிவுப் பாதை. மூணுல ஒரு பங்கு நிரம்பினதும் அள்ளிடணும். சரிவுப் பாதை இல்லாம கட்டின தொட்டியை யாரும் அள்ள முடியாது. நிரம்பினதும் அடுத்த மழை பழைய வண்டலையும் சேர்த்து ஏரிக்குள்ள தள்ளிடும்.

---

வண்டல்:

ஏரிக்குள் செய்கிற வேலைகளைப் பற்றி.

நீரூற்று ஏரேட்டர்: 24 ஹெக்டேர் சேறு, சதுர மீட்டருக்கு நாளைக்கு ஒரு கிராம் ஆக்சிஜன் தின்கிறது என்று குறைவாக வைத்தாலும் 240 கிலோ வேண்டும். 2 குதிரைத்திறன் நீரூற்று, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு கிலோ ஆக்சிஜன் கரைத்தால் அதிகம். பத்து மணி நேரம் ஓடினால் 15 கிலோ. நாலு வைத்தால் 60. அதையும் ஏற்கெனவே ஆக்சிஜன் இருக்கிற மேல்மட்டத் தண்ணீருக்குத்தான் கொடுக்கும். படகுத்துறை மூலையில் படலம் தேங்காமல் கலைக்க ஒன்று வைக்கலாம். ஏரிக்கு மருந்தாக அதை எண்ண வேண்டாம்.

அடியிலிருந்து குமிழி விடுகிற முறை வேறு. அதற்கு ஏரி முழுவதையும் கலக்குகிற அளவு காற்று வேண்டும். சதுர கிலோமீட்டருக்கு நிமிடத்துக்கு 9.2 கன மீட்டர் என்பது வழக்கமான அளவு, உங்களுக்குச் சுமார் 2.2 கன மீட்டர். அரைகுறையாக வைத்தால் அடியில் இருக்கும் பாஸ்பரஸை மேலே கொண்டுவந்து பாசிக்கு ஊட்டுவதாக ஆகும். தொடங்கும் காலம் பிப்ரவரி அல்லது மார்ச் தொடக்கம், வெயிலில் சூடான மேல்தண்ணீரும் குளிர்ந்த அடித்தண்ணீரும் கலக்காமல் அடுக்காகப் பிரியும் முன்பு. மே மாதத்தில் முதல் தடவையாக இயக்கினால் ஆக்சிஜன் இல்லாத அடித்தண்ணீர் ஒரே நாளில் ஏரி முழுக்கப் பரவி மீன்கள் செத்து மிதக்கும்.

பாக்டீரியா பொடி: சேற்றைச் செரிக்கிற பாக்டீரியா அங்கே ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது. பாஸ்பரஸ் ஆவியாகிப் போகிற பொருளும் இல்லை. பொடி தூவினாலும் அது ஏரியிலேயேதான் இருக்கும். விற்பவர் வந்தால், வேறு ஆய்வகத்தில் எடுத்த முன், பின் மொத்த பாஸ்பரஸ் தாளைக் கேளுங்கள்.

செடி மிதவை: தவறாமல் அறுவடை செய்தால் சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 5 முதல் 10 கிராம் எடுக்கும். 500 சதுர மீட்டர் மிதவைக்கு 5 கிலோதான் உச்சம். ஒரு லாட்ஜின் 13 கிலோவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அறுவடை இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

களை: ஆகாயத் தாமரையை முழுசாக எடுக்கலாம், எடுக்க வேண்டும், பூக்கும் முன்பே. விதை சேற்றில் பத்தாண்டுக்கு மேல் கிடந்து முளைக்கும். ஆனால் ஒரு டன் ஈரக் களையில் உலர் எடை 50 கிலோ, பாஸ்பரஸ் 200 கிராம் அளவுதான். கரையில் குவித்துவிட்டுப் போனால் இரண்டு வாரத்தில் அழுகி அந்த 200 கிராமும் திரும்ப ஏரிக்குள். தண்ணீருக்கு அடியில் வளரும் செடிகளை அடியோடு அழிக்காதீர்கள். படகுப் பாதையில் மட்டும் வெட்டுங்கள். அவை போனால் அந்த இடத்தைப் பாசி எடுத்துக்கொள்ளும். களைக்கொல்லி தெளிப்பதும், படலத்தின் மேல் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுவதும் வேண்டாம். நீலப்பச்சைப் பாசி ஒரேயடியாகச் செத்தால் உள்ளே இருக்கும் நச்சு மொத்தமும் தண்ணீரில் கரையும். பொழுதுபோக்கு நீரில் மைக்ரோசிஸ்டின் என்ற அந்தப் பாசி நச்சுக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 24 மைக்ரோகிராம். பெயின்ட் கொட்டியதுபோல் படலம் திரண்டால் அந்தத் துறையை மூடி, மாதிரி எடுத்து அனுப்புங்கள்.

இனி தூர்வாருதலும் படிகாரமும். இங்கேதான் கொடைக்கானல் மற்ற ஏரிகளைப்போல் இல்லை. 2001-இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசம் இந்த ஏரியின் தண்ணீரிலும் சேற்றிலும் மீனிலும் இருந்ததை 2006-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே சேற்றைத் தொடுகிற எந்த வேலைக்கும் முன்னால் பாதரச அளவு தெரிந்தாக வேண்டும். ஏரி முழுக்கப் பத்துப் பதினைந்து இடங்களில் இரண்டரை இஞ்ச் பி.வி.சி. குழாயைச் செங்குத்தாக இறக்கி, மேல்வாயை ரப்பர் மூடியால் அடைத்துச் சேற்றுத் தண்டாக எடுத்து, 10 சென்டிமீட்டர் துண்டுகளாகப் பிரித்து, மொத்தப் பாதரசம், மெத்தில் பாதரசம், பாஸ்பரஸ் மூன்றும் பார்க்கச் சொல்லுங்கள். எந்த ஆழத்தில் பாதரசம் அதிகம் என்று தெரியாமல் பொக்லைன் இறக்கினால் புதைந்து கிடப்பதைக் கிளறி மேலே போடுவதாக முடியும். அள்ளிய சேற்றைத் தோட்டத்துக்கு உரமாக யாராவது கேட்பார்கள், கொடுக்கவும் செய்வார்கள். ஆய்வு முடிவு வராமல் ஒரு கூடைகூடப் போகக் கூடாது. அள்ளிய களையை உரமாக்கும் முன்பும் இதே பரிசோதனை தேவை, ஆகாயத் தாமரை பாதரசத்தை வேரில் சேர்த்து வைக்கும்.

ஆக்சிஜன் இல்லாத சேற்றில் சல்பேட்டைக் குறைக்கும் பாக்டீரியாக்கள்தான் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. மீனில் ஏறுவது அந்த வடிவம். படிகாரம் என்பது அலுமினியம் சல்பேட். பாஸ்பரஸைப் பிடிக்கப் போட்டால் கூடவே சல்பேட்டும் போகிறது. இந்த ஏரிக்கு அது சரியான தேர்வாக எனக்குப் படவில்லை. பிற்பாடு போட வேண்டி வந்தால் பாலி அலுமினியம் குளோரைடு, சோடியம் அலுமினேட் போன்ற சல்பேட் இல்லாதவற்றை முதலில் வாளி அளவில் சோதித்துப் பாருங்கள். மலைத் தண்ணீர் மென்னீர், காரத்தன்மை குறைவு. ஒரு மில்லிகிராம் படிகாரம் அரை மில்லிகிராம் காரத்தன்மையைத் தின்னும். அது தீர்ந்து பி.எச். 6-க்குக் கீழே போனால் கரைந்த அலுமினியம் மீனின் செவுளை அடைத்துவிடும். எதைப் போட்டாலும், வரத்து நிற்காத ஆழமற்ற ஏரியில் அதன் ஆயுள் சில ஆண்டுகள்தான்.

பாதரச முடிவுகள் வரும்வரை ஏரி மீனைக் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் சாப்பிட வேண்டாம் என்று அறிவிப்புப் பலகை வைக்கும்படி மனுவில் சேருங்கள்.

---

ஏரிச்சாலை:

மிகவும் நன்றி, வண்டல் ஐயா. தூர்வாருவதை முதல் கோரிக்கையாக எழுதி வைத்திருந்தோம், எடுத்துவிட்டோம். கடைசியாக ஒன்று: வடகிழக்குப் பருவமழைக்கு முன் நாங்களே செய்யக்கூடியது எது?

---

சோதனைக்குழாய்:

மீட்டர் நடையும் பருத்தித் துணியும்தான். எல்லா ஓடைகளையும் ஒரே வாரத்தில் முடியுங்கள், இல்லையென்றால் ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. ஒவ்வொரு அளவுக்கும் நேரம், தண்ணீரின் வெப்பநிலை, ஒரு போட்டோ. வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் கடத்துதிறன் 2 விழுக்காடு மாறும், 25 டிகிரிக்குத் தானாகத் திருத்துகிற மீட்டராக வாங்குங்கள். வரத்து அளக்க பெரிய கருவி வேண்டாம்: குழாய் வாயில் 10 லிட்டர் வாளியைப் பிடித்து நிரம்ப எத்தனை விநாடி என்று பாருங்கள். வரத்தையும் அந்த இடத்துப் பாஸ்பரஸ் அளவையும் பெருக்கினால் எந்தக் குழாய் நாளைக்கு எத்தனை கிராம் கொண்டுவருகிறது என்று வந்துவிடும். பெரிய எண்ணிலிருந்து சிறியதுக்கு வரிசைப்படுத்தி, முதல் பத்துக் குழாய்களை நகராட்சிப் பொறியாளருக்கு வரைபடத்தில் குறித்துக் கொடுங்கள்.

மனுவில் கட்டடங்களின் பெயரைப் போட வேண்டாம், குழாய் இருக்கும் இடம் மட்டும் போதும். யாருடையது என்று கண்டுபிடிப்பது நகராட்சியின் வேலை. குழாய் எந்த மழைநீர் வடிகாலில் விழுகிறது என்பதை மட்டும் தெளிவாகக் காட்டுங்கள். துணிகளை அக்டோபர் முதல் மழைக்கு முன்பே எடுத்துவிடுங்கள், ஓடை பெருகினால் கம்பிவலையோடு போய்விடும்.

---

குழாய்ப்பாதை:

வாளி பிடிக்கும்போது கையுறை போட்டுக்கங்க சார். ஓடைக்குள்ள இறங்குறவங்க முழங்கால் வரைக்கும் பூட்ஸ். காலுல வெட்டுக்காயம் இருந்தா இறங்கவே வேணாம், வேற ஆளை அனுப்புங்க.